பெரிய திரை சரி, பிலிம் எங்கே?

"70 எம்எம்" என்றால் நம்ம ஆட்களுக்குப் பெரிய திரை, அவ்வளவுதான். திரை வேறு, பிலிம் வேறு. இந்தக் குழப்பத்தை வைத்தே காலங்காலமாக டிக்கெட் விற்கிறார்கள் என்கிறோம் நாங்கள்.

அசல் 70 எம்எம் படத்தை 65 எம்எம் நெகடிவில் எடுப்பார்கள். பிரதியில் கூடும் 5 எம்எம் ஒலித்தடங்களுக்கு. அதன் ஒரு ஃபிரேம் 35 எம்எம் ஃபிரேமைவிட மூன்று மடங்குக்கும் மேல் பெரிது. 1975இல் வந்த 'ஷோலே'யோ 35 எம்எம்மில் எடுத்து 70க்குப் பெருப்பித்த படம். கெலிஓயாவிலிருந்து பஸ் ஏறினால் எட்டிவிடும் கண்டி மலைகளில் 1983இல் எடுத்த 'இந்தியானா ஜோன்ஸ்' படத்தின் 70 எம்எம் பிரதிகளும் அப்படித்தான். ஒலி ஆறு தடத்தில் அதிர்ந்தது, உண்மை. ஆனா நெகடிவில் இல்லாத நுணுக்கம் பெருப்பிச்சா வந்துடுமா?

இன்றும் அதே கதை. 2023இல் 'ஓப்பன்ஹைமர்' ஐமேக்ஸ் பிலிமில் ஓடியது உலகம் முழுக்க 30 திரைகளில்தான். இலங்கையில் ஒன்றுமில்லை, இந்தியாவிலும் இல்லை. இந்தியா போய் "ஐமேக்ஸ்ல பார்த்தோம்" என்றவர்களும் பார்த்தது டிஜிட்டல்.

"படம் நல்லா இருந்தா போதாதா மச்சான்?" என்பீர்கள். டிஜிட்டல் கேவலம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் கீரிச் சம்பாவுக்குக் காசு வாங்கிக்கொண்டு நாட்டரிசி தந்தால், சோறு ருசிதானே என்று விடுவோமா?

எதில் எடுத்தது, எதில் காட்டுகிறீர்கள்? போஸ்டரில் இரண்டே வரி போடுங்கள். காசு கொடுப்பதா இல்லையா என்பதை நாங்கள் முடிவெடுத்துக்கொள்கிறோம்.