கட்டுவதற்கு முன் கண்டறிய வேண்டும்

சித்தூர் மாவட்டம் வெதுருகுப்பத்தில் கன்று ஈன்ற பசு எழாமல் கிடந்தால், இடுப்பு பிசகியிருக்கும் என்று வீட்டார் எண்ணுவது இயல்பே. எலும்பு முறிவுக் கட்டுக்குப் பேர்போன புத்தூர் அங்கிருந்து வெகுதொலைவில் இல்லை. 'புத்தூர் கட்டு' என்னும் பலகை தமிழகத்துத் தெருக்களிலும் தொங்குகிறது. ஊரின் பெயரே தகுதிச் சான்றாக மாறிவிட்டதுதான் சிக்கல்.

கன்று ஈன்ற 3 நாள்களுக்குள் பசு படுத்துவிடுவதற்கு முக்கியக் காரணம் பால்காய்ச்சல். பெயரில் காய்ச்சல் இருந்தாலும் காதும் காலும் சில்லிட்டிருக்கும். குறை முதுகெலும்பில் இல்லை; இரத்தத்தில் கால்சியம் இறங்கியிருக்கிறது. சிரை வழியே மெதுவாகச் செலுத்தும் மருந்தில் பசு பெரும்பாலும் எழுந்துவிடும். வேகமாகச் செலுத்தினாலோ இதயம் நின்றுவிடக்கூடும். இது புரியாமல் இடுப்பை இழுத்து நீவிக்கொண்டிருந்தால், மணிக்கணக்கில் கிடக்கும் உடலின் எடையே தொடைத் தசைகளையும் நரம்புகளையும் நசுக்கிவிடும். மழைக்காலத்தில் நல்ல வாளிப்பான கிடேரி திடீரென நொண்டினால் அது சுளுக்காக இராமல் சப்பை நோயாகவும் இருக்கலாம். அந்நோய்க்கு எண்ணெய் தேய்ப்பவரிடம் விடை கிடையாது.

முதுகெலும்பைக் கையால் சீர்செய்யும் கைரோபிராக்டிக் முறை மேலைநாடுகளில் குதிரைக்கும் நாய்க்கும் அளிக்கப்படுகிறது. பிரிட்டனில்கூட அதைச் செய்பவர் கால்நடை மருத்துவரின் வழிகாட்டுதலில்தான் செய்ய வேண்டும். இந்தியாவில் அதற்கெனத் தனிப் பதிவு இல்லை. எனவே அந்தப் பெயரைப் பலகையில் எழுதிக்கொள்வதால் மட்டும் எவரும் மருத்துவராகிவிடுவதில்லை. 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம், பதிவு பெற்றவருக்கே மருத்துவ உரிமை அளிக்கிறது. சான்றிதழ் பெற்ற உதவியாளர்கள் அரசு அனுமதித்த சிறு பணிகளை, பதிவு பெற்றவரின் மேற்பார்வையில் மட்டுமே செய்யலாம்.

கட்டு வைத்தியரை இகழ்வது இதன் நோக்கமன்று. அழைத்தவுடன் அந்தி நேரத்திலும் தொழுவத்துக்கு வருபவர் அவரே என்பதை மறுக்க இயலாது. திருப்பதியில் 1955 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. 1962 என்ற எண்ணை அழைத்தால் நடமாடும் ஊர்தி வருவதற்கான ஏற்பாடும் உண்டு. அந்த ஊர்தி உரிய நேரத்தில் கடைசித் தெருவரை வந்து சேராதவரை, உழவரை மட்டும் அறியாமைக்காகக் குறைகூறுவது நேர்மையாகாது.

ஆயினும் பசுவைத் தொடவிடும் முன் மூன்று கேள்விகளைக் கேட்கும் உரிமை உழவருக்கு உண்டு. மாநிலக் கால்நடை மருத்துவ மன்றத்தின் பதிவு எண் என்ன? நோய் இன்னதென்று எதைக் கொண்டு முடிவு செய்தீர்? குணமாகாவிட்டால் அடுத்து யாரிடம் அனுப்புவீர்? தகுதியுடையவர் இக்கேள்விகளால் சினமடைவதில்லை. சினமடைபவரிடம், ஒரு குடும்பத்தின் அன்றாட வருவாயாகிய பசுவை ஒப்படைக்கலாகாது.