முடிவில் தளரும் தொடர்கதைகள்

தொடர்கதைக்குத் தமிழில் நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. பி. ஆர். இராஜமையரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி' இதழில் தொடராக வெளிவந்தது. சிறுகுளம் என்னும் சிற்றூரின் வாழ்க்கையும், ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்னும் தமிழாசிரியரைப் பற்றிய நகைச்சுவையும் நிறைந்தது அதன் முற்பகுதி. (தமிழாசிரியரை நகையாடுவதில் தமிழ் நாவலுக்கு அன்றே எத்துணை ஆர்வம்!) அதைப் படித்து மகிழ்ந்தவர்கள், பிற்பகுதியில் கதை வேதாந்த விசாரணையாக மாறிவிடுவதைக் கண்டு சோர்வுறுவர். எனவே, வலிமையாகத் தொடங்கி மெலிந்து முடிதல் என்பது நம் தொடர்கதையின் பிறவிக் குறை போலும்.

இக்குறையைப் பற்றி இன்று நாம் எண்ணக் காரணமானவர்கள் நம் மாணாக்கர்களே. பேளூரிலிருந்தும் பெத்தநாயக்கன்பாளையத்திலிருந்தும் பேருந்தில் வரும் பிள்ளைகள், வழிநெடுகக் கைப்பேசியில் ஜப்பானிய அசைவூட்டத் தொடர்களைக் காண்கின்றனர். 'அனிமே' என்பது அவற்றின் பெயர். இவற்றைப் பற்றி அவர்கள் ஓய்வு வேளையில் நிகழ்த்தும் வாதங்களைக் கேட்பவர், இத்துணைக் கூர்மையான திறனாய்வு நம் வகுப்பறைக்குள் ஏன் நுழைவதில்லை என்று வியப்பர்.

அவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் தொடர் 'தி ப்ராமிஸ்டு நெவர்லேண்ட்'. கையு ஷிராய் எழுத, போசுகா தெமிசு வரைந்த இக்கதை, 2016 முதல் 2020 வரை 'ஷோனென் ஜம்ப்' என்னும் ஜப்பானிய வார இதழில் படக்கதையாக வந்து 20 நூல்களாயிற்று. அனாதைப் பிள்ளைகள் வாழும் ஓர் அழகிய இல்லம். அன்பே உருவான ஒரு 'மாமா'. வளர்ப்புத் தாயைப் பிள்ளைகள் அழைக்கும் பெயர் அது. நம்மூர் மாமாவோடு குழப்பிக்கொள்ளற்க. தத்து கொடுக்கப்பட்டதாகச் சொல்லி அனுப்பப்பட்ட ஒரு சிறுமி, தன் பொம்மை முயலை மறந்துவிட்டுச் செல்கிறாள். அதைக் கொடுக்க எம்மாவும் நார்மனும் வாயிலுக்கு ஓடுகின்றனர். வண்டியில் அவர்கள் காண்பது அச்சிறுமியின் உயிரற்ற உடல். அவ்வில்லம் அரக்கர்களுக்கு உணவாகப் பிள்ளைகளை வளர்க்கும் பண்ணை என்பது அப்போதுதான் புலப்படுகிறது. இதன்பின், தாங்கள் உண்மையை அறிந்துகொண்டதை அந்தத் தாய் அறியாதபடி மறைத்து, தப்பிக்கத் திட்டமிடும் பிள்ளைகளின் அறிவுப் போரே கதை. 2019ஆம் ஆண்டு வெளிவந்த 12 பகுதிகளில் ஒரு சொல்லும் வீணாகவில்லை என்று எம்மாணாக்கர் சாதிப்பர். நாமும் அதனை ஒப்புகிறோம்.

2021இல் இரண்டாம் பருவம் வந்தது. முதற்பருவம் ஏறக்குறைய ஐந்து நூல்களின் கதையைப் 12 பகுதிகளில் நிதானமாகச் சொல்லியிருக்க, இது எஞ்சிய பதினைந்து நூல்களின் கதையைப் பதினொரே பகுதிகளில் முடிக்க முனைந்தது. படக்கதையைப் படித்தவர்கள் ஆவலோடு காத்திருந்த ஒரு பெரும்பகுதி முழுவதுமாக விடுபட்டது. எல்லாவற்றினும் கொடுமை, இறுதிப் பகுதியில் எம்மா மேற்கொண்ட செயல்கள் அசையாப் படங்களாக, உரையாடலின்றி, ஒன்றன்பின் ஒன்றாக ஓடி மறைந்தன. "கதையைச் சொல்லாமல் கதைக்குறிப்பைக் காட்டினார்கள்" என்றார் ஒரு மாணவர். இதைவிடச் செறிவான மதிப்பீட்டை எம்மால் எழுத இயலாது.

இனி, நாம் சொல்ல வந்த செய்திக்கு வருவோம். இதே மாணாக்கர் நம் துறைக் கருத்தரங்கில் 'பொன்னியின் செல்வன்' பற்றிக் கட்டுரை படிக்கும்போது, பாத்திரப் படைப்பு, வருணனைத் திறன், நகைச்சுவை என்று சிறப்புகளையே அடுக்குகின்றனர். முடிவைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஜப்பானியக் கதையிடம் கேட்கத் துணிந்த கேள்வியைக் கல்கியிடம் கேட்க ஏன் அஞ்சவேண்டும்?

அந்நாவல் 1950 அக்டோபரில் 'கல்கி' வார இதழில் தொடங்கி 1954 மே மாதம் முடிவுற்றது. ஐந்து பாகங்கள், இறுதிப் பாகம் மட்டும் 91 அத்தியாயங்கள். ஓவியர் மணியத்தின் படங்களோடு இதழ்தோறும் வந்த அப்பக்கங்களைப் பிரித்தெடுத்துத் தைத்துக் கட்டிப் போற்றிய பெரியவர்கள் நம்மூரிலும் உண்டு. ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வரும் தொடக்கத்திற்கு ஈடாக மற்றொரு நாவல் தொடக்கத்தைத் தமிழில் காட்டுவது அரிது. ஓரிரவுக்குள் கடம்பூர் மாளிகையில் சதியும், ஆழ்வார்க்கடியானின் வம்பும், மூடுபல்லக்கின் மறைபொருளும் நம்மைப் பற்றிக்கொள்கின்றன.

வார இதழ்க் கதையின் இயல்பு இது: ஒவ்வொரு வாரமும் ஒரு முடிச்சு இட்டாக வேண்டும், இல்லையேல் அடுத்த இதழை வாங்குவோர் குறைவர். முடிச்சு இடுவதற்குச் செலவில்லை. அவிழ்க்கும்போதுதான் அத்தனைக்கும் கணக்குக் காட்டவேண்டியுள்ளது. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார்? நந்தினி யார் மகள்? உண்மையான மதுராந்தகன் எவன்? கல்கி இட்ட பெருமுடிச்சுகள் இம்மூன்றும்.

முதல் முடிச்சை அவர் அவிழ்க்காது விட்டதைக் குறையெனக் கூறோம். கொலையில் தொடர்புடைய துரோகிகளாக இரவிதாசன் முதலிய சிலரின் பெயரை உடையார்குடிக் கல்வெட்டு குறிக்கிறது. அதற்குமேல் தெளிவாக அது பேசவில்லை. பெரிய பழுவேட்டரையர் பழியைத் தம்மேல் ஏற்று உயிர் துறக்கவும், அது மெய்யா என்று நாம் ஐயுறவும் கல்கி இடம் வைத்தது, வரலாற்றின் மௌனத்திற்கு அவர் அளித்த மரியாதை.

மூன்றாம் முடிச்சுதான் நம்மை இடறச் செய்கிறது. பூக்கட்டிக் கோயிலுக்குத் தொண்டு செய்யும் சேந்தன் அமுதனே செம்பியன் மாதேவியின் மகன் என்றும், அதுவரை இளவரசனாக நாம் அறிந்தவன் வேறொருவன் என்றும் மாற்றப்படும்போது, அருள்மொழியின் தியாகம் ஒளி குன்றுகிறது. அரியணைக்கு ஆசைப்பட்ட, நமக்குப் பிடிக்காத ஒருவனுக்கு முடியை விட்டுக்கொடுப்பதன்றோ அரிய தியாகம்? நல்லவனொருவனுக்குக் கொடுப்பது எளிது. 2022, 2023ஆம் ஆண்டுகளில் மணிரத்னம் இயக்கிய இரு படங்களும் இவ்வாள்மாறாட்டத்தையே கைவிட்டு, மதுராந்தகனுக்கே முடியை அளித்தன. படங்களைப் பற்றி நமக்கு வேறு குறைகள் உண்டெனினும், இவ்வொரு திருத்தம் சரியான திறனாய்வு என்பது எம் கருத்து.

முடிசூட்டுக்குப் பின் நிகழ்வது இன்னும் வியப்பு. மணிமேகலையின் உயிர் பிரிவதோடு நாவல் நின்றுவிடுகிறது. குந்தவையும் வந்தியத்தேவனும் மணந்தனரா, நந்தினி என்னவானாள், அருள்மொழி எப்போது அரசனானான் என நாலாண்டு காத்திருந்த வாசகர்கள் திகைத்தனர். கதை திடீரென முடிந்துவிட்டது என்று அவர்கள் குறைகூற, கல்கி ஒரு முடிவுரை எழுதிப் பாத்திரங்களின் பிற்கால வாழ்வைச் சுருக்கமாகத் தெரிவித்தார். அங்கே அசையாப் படங்கள், இங்கே முடிவுரை. இரண்டும் கதையாக வேண்டியது குறிப்பாகிப்போன இடங்களே. ஆயினும் ஒரு வேற்றுமை: கல்கி வாசகரின் மனக்குறையை மதித்து, தம் பெயரில், நேருக்கு நேர் விடை கூறினார். அப்பண்பு போற்றத்தக்கது. முடிவின் தளர்ச்சியை அது ஈடுசெய்யாது.

அவரால் முடிக்க இயலாது என்பதன்று. 'சிவகாமியின் சபத'த்தை நோக்குக. வாதாபி எரிகிறது, சபதம் நிறைவேறுகிறது, மாமல்லர் வேறொருத்தியின் கணவர் என்றறிந்த சிவகாமி, ஏகாம்பரநாதர் திருமுன் தன்னை ஒப்படைத்து ஆடுகிறாள். அதற்குப் பின் ஒரு முடிவுரையும் தேவைப்படவில்லை. அவ்வாறு முடித்த கைதான் இங்குத் தளர்ந்தது என்று சொல்வதில் அவமதிப்பு எங்கே?

"பெரியோரைக் குறைகூறலாமா?" என்று நம் சமுதாயப் பெரியவர்கள் சிலர் வினவக்கூடும். முற்றுப்பெறாமை வேறு, முடிவில் தளர்தல் வேறு. உமறுப்புலவரின் சீறாப்புராணம் ஹிஜ்ரத்துக் காண்டத்தோடு நின்றது. எஞ்சிய வரலாற்றைப் பனீ அகமது மரைக்காயர் 'சின்னச் சீறா'வாகப் பாடினார். அக்காப்பியம் முழுமையுறவில்லை என்று சொல்வதை எவரும் அவமதிப்பாகக் கொண்டதில்லை. ஒருவர் அதனை உணர்ந்ததாலன்றோ மற்றொரு நூல் பிறந்தது! இன்னும் சிலர், முடிவு கெட்டால் முழுவதும் வீண் என்பர். நம் மாணாக்கர் சிலரும் அக்கட்சியினரே. இரண்டாம் பருவம் பார்த்தபின் முதற்பருவத்தையும் கைப்பேசியிலிருந்து நீக்கிவிட்டதாகச் சொல்வர். பொம்மை முயலோடு ஓடிய பிள்ளைகளின் அச்சமும், ஏரிக்கரைக் குதிரைவீரனின் மகிழ்ச்சியும் அதனால் பொய்யாகிவிடுமா? ஆகா.

அடுத்த கருத்தரங்கில் 'பொன்னியின் செல்வன்' பற்றிக் கட்டுரை அளிப்போர், முடிவுரையை அகற்றிவிட்டு, மணிமேகலையின் மறைவுக்குப் பின் இன்னும் மூன்று அத்தியாயங்களுக்குத் தாமே திட்டம் வகுத்து வரவேண்டும் எனக் கேட்டிருக்கிறோம். நெவர்லேண்டை எடுத்துக்கொள்வோர்க்கும் தடையில்லை; அவர்கள் விடுபட்ட பகுதியை எங்கே சேர்ப்பார்கள் என்று கூறினால் போதும். முதலில் பெயர் கொடுத்தவர் கல்கியைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார். நந்தினிக்கு மட்டும் ஓர் அத்தியாயம் வேண்டுமாம்.