சரிவில் பிசகிய கால்... வருடங்கள் கழித்து வலிக்குதா?

குன்னூர், கோத்தகிரி தேயிலைச் சரிவுகளில் கால் பிசகுவது புதிதல்ல. எண்ணெய் தேய்த்து, கட்டுப்போட்டு, மறுவாரமே கொழுந்து பறிக்கக் கிளம்பிவிடுவார்கள். முழங்கால் பெரும்பாலும் வயதால் தேயும். கணுக்கால் தேய்வதோ பெரும்பாலும் பழைய அடியால்தான்.

முதலில் கணுக்கால் பட்டை, பொருத்தமான ஷூ, பிசியோதெரபி. ஸ்டீராய்டு ஊசி கொஞ்ச காலம் தாங்கும், அவ்வளவுதான். அடங்காவிட்டால் ஆபரேஷன். ஸ்குரூ போட்டு எலும்புகளை ஒட்டவைத்தால் வலி குறையும், பாரம் தாங்கும். ஆனால், அந்த மூட்டு மடங்காது. மேடு ஏறிப் பிழைப்பவர்கள் இதை டாக்டரிடம் தெளிவாகக் கேட்டுக்கொண்டே சம்மதிக்க வேண்டும். செயற்கை மூட்டில் அசைவு இருக்கும். கடும் உழைப்பில் சீக்கிரம் தேயும். ஒட்டவைத்த எலும்பு கூட சுமார் 3 மாதம் ஆகும், புகைபிடித்தால் இன்னும் இழுக்கும். தினக்கூலிக்காரருக்கு அந்த 3 மாதம்தான் பெரிய கேள்வி.

ஊட்டியில் 2025 ஏப்ரலில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்டிருக்கிறது. போகும்போது பழைய எக்ஸ்ரேயையும் எடுத்துப் போங்கள்.