12 வோல்ட் வருது, அப்போ பம்ப் போச்சு!

முதலில் ஒரு கேள்வி. கார் ஸ்டார்ட் ஆகவில்லை. ஃபியூயல் பம்ப் கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டர் வைக்கிறீர்கள். 12.4 வோல்ட் காட்டுகிறது. கரண்ட் ஒழுங்கா வருது, அப்போ பம்ப்தான் அவுட். சரிதானே?

தப்பு. இந்தத் தப்பைச் செய்தவன் நான். அதற்கு எங்கள் வீட்டில் ஆன செலவு 6,800 ரூபாய்.

அப்பா கால் டாக்ஸி ஓட்டுகிறார். போன செமஸ்டர் லீவில் வண்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. சில நேரம் ஸ்டார்ட் ஆகும், சில நேரம் எவ்வளவு செல்ஃப் அடித்தாலும் ஆகாது. சாவி போட்டதும் பின் சீட்டுக்கு அடியில் இரண்டு விநாடி 'உய்ங்' என்று பம்ப் ஓடுமே, அந்தச் சத்தமும் ஈனமாகத்தான் வந்தது. "நீதான் இன்ஜினியரிங் படிக்கிறியே, பாருப்பா" என்றார் அப்பா. மீட்டர் வைத்தேன். 12.4. கெத்தாகத் தீர்ப்பு சொன்னேன்: "பம்ப் மாத்தணும்ப்பா."

புது பம்ப் வந்தது. அதே ஈனமான சத்தம். கடையில் கேட்டால், எலெக்ட்ரிக்கல் பார்ட்ஸ் ரிட்டர்ன் எடுக்க மாட்டோம் என்றார்கள். மூன்று நாள் வண்டி ஓடவில்லை. அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் ரொம்ப வலித்தது.

கடைசியில் பக்கத்துத் தெரு ஆட்டோ எலெக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார். என் கதையைக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி: "தம்பி, கனெக்டரை மாட்டி வச்சு பாத்தியா, கழட்டி வச்சு பாத்தியா?"

பெட்ரோல் எங்கேயும் கசியவில்லை என்று முதலில் பார்த்துக்கொண்டார். ரிலேவைக் கழற்றி, அந்த சாக்கெட்டில் 30, 87 இரண்டையும் ஃபியூஸ் வைத்த ஒயரால் இணைத்தார். பம்ப் நிற்காமல் ஓடியது. கனெக்டர் மாட்டியபடியே, பின்பக்கமாக எர்த் பின்னில் மீட்டரின் சிவப்பு முனை. கறுப்பு முனையை ஒரு நீள ஒயரில் சேர்த்து பேட்டரி நெகட்டிவுக்குக் கொண்டுபோனார். இரண்டும் நெகட்டிவ்தானே, பூஜ்யம்தானே வரணும்? மீட்டர் 3.6 வோல்ட் காட்டியது.

பின் சீட் ஓரத்தில் பாடியோடு எர்த் ஒயரைப் பிடித்திருந்த போல்ட்டைக் கழற்றினால், அடியில் முழுக்கத் துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினார். மீட்டர் 0.05-க்கு இறங்கியது. 'உய்ங்' சத்தம் பழையபடி கணீரென்று வந்தது. மொத்தம் இருபது நிமிஷம்.

இப்போது கணக்குக்கு வருவோம். பம்ப் சுமார் 5 ஆம்பியர் இழுக்கிறது என்றால், அதை 2.4 ஓம் என்று வைத்துக்கொள்ளலாம். துரு பிடித்த இடம் வெறும் 1 ஓம். இரண்டும் சீரீஸ். ஓடும்போது 12.4 வோல்ட்டில் 3.6-ஐத் துரு தின்றுவிடும், பம்புக்கு மிச்சம் 8.8. பம்ப் சுற்றும், ஆனால் பிரஷர் ஏறாது. கனெக்டரைக் கழற்றினால்? அந்த இடத்தில் இருப்பது மீட்டர் மட்டும். பெரும்பாலான டிஜிட்டல் மீட்டரின் உள்தடை 10 மெகாஓம். அதன் வழியாகக் கரண்ட் ஓடுவதே இல்லை எனலாம், அதனால் துருவில் டிராப்பும் இல்லை. முழு 12.4 தெரியும். மீட்டர் பொய் சொல்லவில்லை. நான்தான் தப்பான கேள்வி கேட்டேன்.

இது ஓம் விதியும் கிர்ச்சாஃப் விதியும்தான். முதல் வருஷமே எழுதி மார்க் வாங்கிவிட்டோம். அப்புறம் ஏன் கைக்கு வரவில்லை? நம் லேபில் எல்லா சர்க்யூட்டும் நல்ல சர்க்யூட். எல்லா ஒயரும் பூஜ்ய ஓம். ரீடிங் கொஞ்சம் தள்ளி வந்தால், ஏன் என்று தேடாமல் சீனியர் ரெக்கார்டைப் பார்த்துத் திருத்தி எழுதுகிறோம். கோளாறைத் தேடும் பழக்கமே நமக்கு வரவில்லை.

"அதெல்லாம் மெக்கானிக் வேலை மச்சி, நாம டிசைன் பண்ணப் போறோம்" என்று சிலர் சொல்வீர்கள். சரி, அந்த எர்த் போல்ட் ஈரம் தேங்கும் இடத்தில்தான் இருக்கணும் என்று வரைந்தது யார்? ஒரு டிசைன் இன்ஜினியர்தானே?

"ஸ்கேனர் மாட்டினா கோடு வந்துடும்" என்பவர்களுக்கும் ஒன்று. பி0230 என்று கோடு வந்தால் அது பம்ப் சர்க்யூட்டில், குறிப்பாக ரிலேவைக் கட்டுப்படுத்தும் பக்கத்தில், கோளாறு என்கிறது. பம்பை மாற்று என்று சொல்லவில்லை. எங்கள் வண்டி மாதிரி எர்த்தில் துரு என்றால் கோடே வராமலும் போகலாம். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்த பிறகு நம் பைக்குகளும் பெரும்பாலும் கார்புரேட்டரை விட்டு ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு வந்துவிட்டன. அதிலும் பம்ப், ரிலே, எர்த் எல்லாம் உண்டு. நாளைக்கு உங்கள் வண்டிக்கே இது நடக்கலாம்.

'மாத்திப் பாத்துடலாம்' என்பது டயக்னாஸிஸ் இல்லை, அடுத்தவர் காசில் சூதாட்டம். ஒரு பார்ட்டை மாற்றச் சொல்லும் முன் லோடோடு அளந்தோமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாசிட்டிவ் பக்கம் எவ்வளவு டிராப், எர்த் பக்கம் எவ்வளவு டிராப். இந்த இரண்டு எண்ணும் கையில் இல்லாமல் தீர்ப்பு சொல்லாதீர்கள்.

நம் டிபார்ட்மெண்டுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். ஒரு போர்டில் 12 வோல்ட் சப்ளை, ஒரு ரிலே, 21 வாட் இண்டிகேட்டர் பல்பு. எர்த் ஒயரில் யாருக்கும் தெரியாமல் ஒரு 1 ஓம், 10 வாட் ரெசிஸ்டர். பல்பு கொஞ்சம் மங்கலாக எரியும். "ஏன்னு கண்டுபிடி" என்று ஒரே ஒரு எக்ஸ்பெரிமெண்ட். பெரிய செலவில்லை.

போர்டைச் செய்துதர நான் ரெடி. பழைய பம்பும் வீட்டில் அப்படியே இருக்கிறது. அதில் ஒரு கோளாறும் இல்லை. அதையும் லேபுக்கே கொடுத்துவிடுகிறேன்.