டாலரில் வாங்கிய வீடும் கூலியில் கட்டும் வாடகையும்

திருப்பதியிலிருந்து ரேணிகுண்டாவுக்கும் ஏர்ப்பேட்டைக்கும் செல்லும் சாலைகளில் மனை விற்பனைத் தட்டிகளுக்குக் குறைவில்லை. விமான நிலையம் பக்கம், ஐ.ஐ.டி. பக்கம், ஏழுமலையான் பார்வை படும் இடம் என்று ஒவ்வொன்றும் ஒரு புண்ணியத்தைச் சொல்லும். வெளிநாடுவாழ் இந்தியருக்கென்று தனி அழைப்பும் இருக்கும். வீட்டை வாங்குங்கள், வாடகைக்கு ஆள் பிடிப்பதும் வாடகையை வசூலித்து அனுப்புவதும் எங்கள் பொறுப்பு என்பதே அதன் சாரம். வாங்குபவர் அந்த வீட்டில் ஓர் இரவுகூடத் தங்கவேண்டியதில்லை. வேறொருவர் தங்கி, மாதம் தவறாமல் கட்டினால் போதும்.

அந்த வேறொருவர் யார்? திருப்பதி, வாடகைதாரர் வற்றாத ஊர். 1954இல் தொடங்கிய வெங்கடேசுவரா பல்கலைக்கழகம், பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம், 2015இல் வந்த ஐ.ஐ.டி., ஐசர் ஆகியவற்றின் மாணவர்கள். மருத்துவமனைகளில் பணிபுரியும் செவிலியர். ரேணிகுண்டாவின் மின்னணு ஆலைகளில் ஒப்பந்தக் கூலிக்கு நிற்கும் இளைஞர்கள். திருமலையில் பக்தர்கள் விட்டுச் செல்லும் குப்பையை அள்ளிவிட்டுக் கீழே இறங்கிவரும் தூய்மைப் பணியாளர்கள். இவர்களுடைய சம்பளத்தின் ஒரு பகுதிதான் கடல்கடந்து ‘முதலீட்டு வருவாய்’ என்ற பெயரைப் பெறுகிறது.

இதற்குச் சட்டம் விரித்திருக்கும் கம்பளத்தைப் பார்க்கவேண்டும். அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்படி, வெளிநாடுவாழ் இந்தியர் இந்தியாவில் வீடோ கடையோ வாங்க ரிசர்வ் வங்கியின் தனி அனுமதி தேவையில்லை. எத்தனை வீடு என்பதற்கும் வரம்பில்லை. வரும் வாடகையை வரி கழித்து எவ்வளவு வேண்டுமானாலும் வெளியே எடுத்துச் செல்லலாம். வேளாண் நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை மட்டும் வாங்க முடியாது. இந்த ஒரே தடையும் சித்தூர்ச் சீமையில் எவ்வளவு மெல்லியது என்பதை மாந்தோப்புகள் சொல்லும். 2025 கோடையில் தோத்தாபுரி மாங்காய்க்கு விலை இல்லாமல் உழவர்கள் தவித்தார்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் பெங்களூரா என்று அழைக்கப்படும் அதே காய்தான். கூழ் ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய், அரசு மானியம் 4 ரூபாய் என்று அறிவித்தும் ஆலை வாசல்களில் டிராக்டர்கள் நாள்கணக்கில் காத்துக் கிடந்தன. இத்தகைய இரண்டு பருவங்களைக் கண்ட சிறு விவசாயி தோப்பைத் தரகரிடம் கொடுக்கிறார். 2025இல் நீக்கப்படும்வரை, ‘நாலா’ என்று அங்கு எல்லோரும் அழைத்த 2006ஆம் ஆண்டு நிலமாற்றச் சட்டத்தின்கீழ்க் கட்டணம் கட்டியதும் தோப்பு மனையாகிவிட்டது. பிறகு அதை வாங்க டாலருக்குத் தடையில்லை. உழவரின் வீழ்ச்சியும் வாடகைதாரரின் சுமையும் ஒரே பத்திரத்தின் இரண்டு பக்கங்கள்.

வரி விஷயத்தில் நடப்பதோ கேலிக்கூத்து. உள்ளூர் வீட்டு உரிமையாளருக்கு மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டினால்தான், குடியிருக்கும் தனிநபர் வரி பிடித்தம் செய்யவேண்டும். உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தாலோ அந்த வரம்பு கிடையாது. வாடகை 8,000 ரூபாய் ஆனாலும் குடியிருப்பவரே 30 விழுக்காடும் அதன்மேல் வரியும் பிடித்து அரசுக்குச் செலுத்தவேண்டும். தவறினால் பொறுப்பு அவர் தலையில். ஆக, நர்சிங் முடித்து முதல் சம்பளம் வாங்கும் பெண் ஒருவர், கலிஃபோர்னியாவில் இருக்கும் உரிமையாளருக்காக வருமானவரித் துறையின் ஊதியமில்லா வசூலர் ஆகவேண்டும்! நடைமுறையில் என்ன நடக்கிறது என்பதை ஊரே அறியும். ‘அம்மா கையில் ரொக்கமாகக் கொடுத்துவிடு’ என்ற ஒரு சொல்லில் காரியம் முடிகிறது. ரசீது இல்லை, ஒப்பந்தம் இல்லை. அடுத்த மாதமே காலி செய்யச் சொன்னால் குடியிருந்ததற்குச் சான்றும் இல்லை.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லியாகவேண்டும். பீலேரிலிருந்தும் இராயசோட்டியிலிருந்தும் குவைத்துக்கும் சவுதிக்கும் போய், வெயிலில் கம்பி வளைத்தும் வீட்டுவேலை செய்தும் சேர்த்த காசில் ஊரில் மாடியெடுத்து, கீழ்ப்பகுதியை வாடகைக்கு விடும் தொழிலாளி இக்கட்டுரையின் எதிரி அல்லர். அவருக்கு அது ஓய்வூதியம். எந்த அரசும் கொடுக்காத ஓய்வூதியம். ஆனால் வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தின் வர்க்க முகம் மாறிவருகிறது. ரிசர்வ் வங்கியின் ஆய்வின்படி 2016-17இல் இந்தியாவுக்கு வந்த தொகையில் வளைகுடா நாடுகளின் பங்கு 46.7 விழுக்காடு, 2023-24இல் அது 37.9 ஆகச் சுருங்கியது. அமெரிக்கா மட்டுமே 27.7 விழுக்காட்டுடன் முதலிடத்துக்கு வந்துவிட்டது. குடும்பத்தின் அரிசிக்கும் மருந்துக்கும் வரும் பணம் வேறு, மூன்றாவது வீடும் நான்காவது வீடும் தேடி வரும் பணம் வேறு. இரண்டையும் ‘தாய்நாட்டுப் பாசம்’ என்ற ஒரே பையில் போட்டுக் கட்டுவது மனை வணிகர்களுக்கு வசதி.

2014 மே மாதத்தில் ஒரு டாலர் சுமார் 59 ரூபாய். 2024 இறுதியில் 85 ரூபாய்க்கு மேல். ஒரு லட்சம் டாலரைக் கையில் வைத்துச் சும்மா இருந்தவருக்கு, திருப்பதியில் வீடு வாங்கும் வலு 26 லட்சம் ரூபாய் கூடிவிட்டது. அதே பத்தாண்டுகளில் அந்த ஊரில் உழைத்துச் சேர்த்தவர் அவருடன் ஏலத்தில் நிற்கவேண்டும். பணத்தைத் திரும்ப எடுத்துச் செல்லும்போது இதே சரிவு முதலீட்டாளரையும் கடிக்குமே என்று பொருளியல் படித்தவர்கள் கேட்கலாம். உண்மைதான். அந்தக் கடியை ஈடுகட்டத்தான் ஆண்டுதோறும் வாடகை ஏறவேண்டியிருக்கிறது, மனை விலை ஏறிக்கொண்டே இருக்கவேண்டியிருக்கிறது. ரூபாயின் நோய்க்கு மருந்துச் செலவு குடியிருப்பவருடையது.

‘அவர்கள் பணம் போடாவிட்டால் வீடு யார் கட்டுவார்?’ என்ற கேள்வி நடுத்தர வர்க்கத்திடம் மட்டுமல்ல, சில நேரங்களில் தோழர்களிடமும் எழுகிறது. கட்டிமுடித்த அடுக்குமாடியில் ஒரு வீட்டை விலைக்கு வாங்குவதால் ஒரு செங்கல்லும் புதிதாக எழும்புவதில்லை. உரிமை கைமாறுகிறது, அவ்வளவே. புதிதாகக் கட்டப்படுவதும் எங்கே வருமானம் அதிகமோ அங்கேதான், தேவை அதிகமுள்ள இடத்தில் அல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டின் நகரங்களில் 1.1 கோடி வீடுகள் பூட்டிக் கிடந்தன. அடுத்த ஆண்டே ஒன்றிய அரசின் வல்லுநர் குழு, நகரங்களில் 1.87 கோடி வீடுகள் பற்றாக்குறை என்றது. அதில் ஏறத்தாழ 96 விழுக்காடு நலிந்த, குறைந்த வருவாய்ப் பிரிவினருக்கானது. பெருநகரங்களில் இருக்கும் வீடுகளை முறையாகப் பயன்படுத்தினாலே நெருக்கடியின் கூர்மை தணியும் என்று 1872இல் எங்கெல்ஸ் குடியிருப்புப் பிரச்சினை குறித்து எழுதியது இன்றும் பழசாகவில்லை. வாடகையில் புதிய மதிப்பு எதுவும் உருவாவதில்லை, ஏற்கெனவே உழைப்பில் உருவானது கைமாறுகிறது என்பதையும் அவர் அப்போதே பிரித்துக் காட்டியிருந்தார்.

உற்பத்திக்கு வந்த பணம் என்ன ஆனது என்பதற்குச் சித்தூரே பதில் வைத்திருக்கிறது. பல்லாயிரம் குடும்பங்களின் பாலை வாங்கிய சித்தூர்க் கூட்டுறவுப் பால்பண்ணை 2002இல் இழுத்து மூடப்பட்டது. சித்தூர் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் காஜுலமண்டியம் ஆலையும் அதே வழியில் போயின. கரும்பும் பாலும் சோறு போட்ட ஊரில் இன்று துடிப்பாக நடக்கும் தொழில் மனை விற்பனை. வளர்ச்சி என்று இதற்குத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

டாலருக்கு வரம்பில்லாத அதே மாநிலத்தில், ஏழைக்கு அரசு அளந்து கொடுத்த மனை எவ்வளவு? 2020 டிசம்பரில் முந்தைய ஆட்சி தொடங்கிய திட்டத்தில் நகர்ப்புறத்தில் 1 சென்ட், கிராமத்தில் ஒன்றரை சென்ட். ஒரு சென்ட் என்பது 435 சதுர அடி. அதற்குள் வீடு, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி, முடிந்தால் ஓர் ஆடு! அதுவும் ஊருக்கு வெளியே, பஸ் போகாத இடத்தில். அதனால் மனைப் பட்டா கையில் இருந்தும் வேலைக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருக்கும் குடும்பங்கள் உண்டு. ‘டிட்கோ’ அடுக்குமாடிகள் கட்டப்பட்டும் ஆண்டுக்கணக்கில் ஒப்படைக்கப்படாமல் கிடந்ததில் இரண்டு கட்சி ஆட்சிகளுக்கும் பங்குண்டு.

இது ஆந்திரத்தின் உள்விவகாரம் என்று தமிழ்நாட்டுத் தோழர்கள் கருதிவிடக் கூடாது. சத்தியவேடு 1960 ஏப்ரல் 1 வரை செங்கல்பட்டு மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. எல்லை மாற்றத்தில் திருத்தணி இந்தப் பக்கம் வந்தது, சத்தியவேடு அந்தப் பக்கம் போனது. இன்றும் அங்கே வீட்டில் தமிழும் அலுவலகத்தில் தெலுங்குமாக வாழும் மக்கள் பலர். அந்தச் சத்தியவேட்டில்தான் 2008 முதல் ஸ்ரீசிட்டி சிறப்புப் பொருளாதார மண்டலம் இயங்குகிறது. ஜப்பானிய, தைவானிய, அமெரிக்க நிறுவனங்களுக்கு ஏக்கர் கணக்கில் நிலம் கிடைத்தது. அங்கே கைப்பேசி பூட்டும் பெண்ணுக்கு ஒரு நிரந்தர அறை கிடைக்கவில்லை. தடா, சூளூர்ப்பேட்டை, கும்மிடிப்பூண்டி என்று எல்லையின் இருபுறமும் உள்ள அறைகளிலும் விடுதிகளிலும் அடைந்து, நிறுவனப் பேருந்தில் போய்வருகிறார்கள். விடுதி என்ற பெயரில் என்ன நடக்கும் என்பதை 2021 டிசம்பர் காட்டியது. திருப்பெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் விடுதி உணவு நஞ்சாகி மருத்துவமனைக்குப் போக, தோழியர் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் விடிய விடிய அமர்ந்தனர். அந்த மறியலுக்குப் பிறகுதான் உலகம் அவர்களுடைய தரையில் படுக்கும் அறைகளைப் பார்த்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகள் கொண்ட குடியிருப்பைச் சிப்காட் திறந்தது. பொதுத்துறை கட்டினால் முடியும் என்பதற்கு அது சான்று. ஆனால் வேலை போனால் படுக்கையும் போகும் என்ற முடிச்சு அதில் அவிழவில்லை.

தனிநபர் வாங்கும் வீட்டுக்குப் பின்னால் பெருமூலதனம் நிற்கிறது. 2005இல் நகரியக் கட்டுமானத்தில் 100 விழுக்காடு அந்நிய முதலீட்டுக்குக் கதவு திறக்கப்பட்டது. 2015இல் மோடி அரசு குறைந்தபட்சப் பரப்பு, குறைந்தபட்சத் தொகை என்ற நிபந்தனைகளையும் எடுத்துவிட்டது. சொத்தைக் குத்தகைக்கு விட்டு வாடகை ஈட்டுவது தடைசெய்யப்பட்ட ‘மனை வணிகம்’ ஆகாது என்று விளக்கமும் அளித்தது. 2019இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்டோன் பங்குபெற்ற எம்பசி நிறுவனம், வாடகையையே பங்குச் சந்தையில் விற்கும் முதல் ‘ரெய்ட்’ ஆனது. இன்று அலுவலகக் கட்டடங்கள். வீடுகளுக்கு அது வர எவ்வளவு காலம் என்பதே கேள்வி. அதே மூலதனத்தை அதன் சொந்த நாடுகளின் மக்கள் எப்படிப் பார்க்கிறார்கள்? நியூசிலாந்து 2018இலும் கனடா 2023இலும் வெளிநாட்டவர் வீடு வாங்குவதற்குத் தடை விதித்தன. பெர்லினில் 2021 செப்டம்பர் பொதுவாக்கெடுப்பில், 3,000 வீடுகளுக்கு மேல் வைத்திருக்கும் நிறுவனங்களின் சொத்தைப் பொதுவுடைமையாக்கப் பாதிக்கு மேற்பட்டோர் வாக்களித்தனர். ஜெர்மன் ஆட்சியாளர்கள் அதை இன்னும் நிறைவேற்றவில்லை என்பது வேறு கதை.

இங்கே ஆட்சியாளர்கள் போகும் திசை நேர் எதிர். 2020 மார்ச் ஊரடங்கில், தொழிலாளரிடம் ஒரு மாத வாடகை கேட்கக் கூடாது என்று உள்துறை அமைச்சகம் ஆணை போட்டது. லட்சக்கணக்கானோர் நடந்தே ஊர் திரும்பியதில் வாடகைக்கும் பங்குண்டு. அதே ஆண்டு ஜூலையில், காலியாகக் கிடந்த ஏறத்தாழ 83,000 அரசு வீடுகளை வாடகைக் குடியிருப்பாக மாற்றப்போவதாக அறிவித்தார்கள். மூன்று ஆண்டுகளில் மாற்றியது 6,000ஐக்கூட எட்டவில்லை. 2021 ஜூன் 2இல் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்த மாதிரி வாடகைச் சட்டமோ, வாடகைக்கு உச்சவரம்பு வைக்கவில்லை. இருவரும் ‘பேசிக்கொண்டதே’ வாடகை. காலக்கெடு முடிந்தும் காலி செய்யாவிட்டால் முதல் இரண்டு மாதம் இரட்டை வாடகை, அதன்பின் நான்கு மடங்கு. பழைய சட்டத்தில் நியாய வாடகை நிர்ணயம் கேட்க ஒரு வழியாவது இருந்தது. தமிழ்நாட்டில் அந்த வழி 2019 பிப்ரவரியில் அடைபட்டது. நான்கு மடங்கு என்று எழுதிய பேனாவுக்கு, ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு ஒரு ரூபாய் கூடுதல் வரி எழுத மை இல்லை.

2007 ஜூலை 28இல் முதிகொண்டாவில், நிலமும் வீட்டுமனையும் கேட்டவர்கள்மீது அன்றைய ஆந்திர அரசு சுட்டதில் ஏழு பேர் உயிர்நீத்தனர். மனைப் போராட்டத்தில் இவ்வளவு பெரிய மரபுள்ள இயக்கம், வாடகைதாரரைத் திரட்டுவதில் பின்தங்கியே இருக்கிறது. வாடகைதாரர் இடம் மாறுபவர், வாக்குரிமை வேறு ஊரில், சங்கம் நிலைக்காது என்பவை வழக்கமான சமாதானங்கள். கட்டுமானத் தொழிலாளரைப் பற்றியும் ஒரு காலத்தில் இப்படித்தான் சொன்னார்கள். இன்னொரு ஆபத்தும் உண்டு. ‘தெலுங்கர் வாங்கிக் குவிக்கிறார்’ என்று எல்லையின் இந்தப் பக்கமும், ‘சென்னைக்காரர் விலையை ஏற்றிவிட்டார்’ என்று அந்தப் பக்கமும் பேச ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். நகரியிலும் சத்தியவேட்டிலும் கட்சிக் கிளைகள் இரண்டு மொழியிலும் துண்டறிக்கை எடுத்தால் அந்தப் பேச்சுக்கு இடம் இருக்காது.

தொடங்குவதற்குப் பெரிய நிதி தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தெருத் தெருவாக எத்தனை வீடு பூட்டிக் கிடக்கிறது, எத்தனை வீட்டின் உரிமையாளர் ஊரில் இல்லை, வாடகையை யார் வாங்குகிறார், ரசீது உண்டா, முன்பணம் எத்தனை மாதம், கடந்த மூன்று ஆண்டுகளில் எவ்வளவு ஏற்றினார்கள் என்று குறிக்கவேண்டும். அந்தப் பட்டியலோடு திருப்பதி மாநகராட்சிக்கும் சித்தூர் மாநகராட்சிக்கும் போய்க் கேட்கவேண்டியவை: வாடகை வீடுகளுக்குப் பொதுப் பதிவேடு, ஊரில் இல்லாத உரிமையாளரின் இரண்டாவது வீட்டிலிருந்து உயர்ந்த சொத்துவரி, பூட்டிய வீட்டுக்குத் தனி வரி, அந்தப் பணத்தில் ரேணிகுண்டாவிலும் சத்தியவேட்டிலும் வேலையோடு முடிச்சுப் போடாத பொது வாடகைக் குடியிருப்பு.