குளத்து நீர்ப் பட்டியலில் உங்கள் பெயர்



பங்குனி, சித்திரை வந்தால் வன்னியில் பெரிய குளங்களின் கீழ் வயல் செய்பவர்கள் சிறுபோகப் பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்காகக் காத்திருப்பார்கள். மாரியில் நிறைந்த குளத்தில் மிஞ்சியிருக்கும் நீர் எத்தனை ஏக்கருக்குப் போதும், எப்போது திறப்பது, எப்போது பூட்டுவது, மூன்று மாத நெல்லா மூன்றரை மாத நெல்லா, மாடுகளை எந்தத் திகதிக்குள் அகற்றுவது என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். இது வெறும் ஊர்ப் பேச்சல்ல. நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கூட்டப்படுவது. அங்கு எடுக்கும் தீர்மானம் வராதவர்களையும் கட்டுப்படுத்தும். வராதவர்களில் எங்கள் பெண்கள் பலர் இருக்கிறார்கள்.

கிளிநொச்சி இரணைமடுவை எடுத்துக்கொள்வோம். வடமாகாணத்தின் மிகப் பெரிய நீர்த்தேக்கம் அது. அதன் கீழ் ஏறத்தாழ இருபதாயிரம் ஏக்கர் வயல் உண்டு. காலபோகத்தில் மழையும் குளமும் சேர்ந்து கைகொடுக்கும். சிறுபோகத்தில் அப்படியல்ல. தென்மேற்குப் பருவமழை எங்கள் பக்கம் பெரிதாக எட்டுவதில்லை. சோளகக் காற்றும் வெயிலும் குளத்தை உறிஞ்சிவிடும். எனவே முழுக் காணிக்கும் தண்ணீர் கிடையாது. காணியின் அளவுக்கேற்ப ஒரு பங்குதான். சிங்களக் கிராமங்களில் இப்படிப் பங்கிட்டுச் செய்வதைப் 'பெத்ம' என்பார்கள். நல்ல பழைய ஏற்பாடுதான். ஆனால் பங்கு பெயருக்கு வரும். பெயர் இல்லாத இன்றைய கணவருக்கோ, என்றோ இறந்த மாமனாருக்கோ உரியதாக இருந்தால், உழுது விதைப்பவள் நீங்களாயினும் கூட்டத்தில் உங்கள் கை கணக்கில் வருமா என்பது மற்றவர்களின் தயவைப் பொறுத்ததாகிவிடும்.

ஆகவே முதலில் கமநல சேவை நிலையத்துக்குப் போய் விவசாயக் காணிப் பதிவேட்டில் உங்கள் வயல் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் வைக்கப்படும் பதிவேடு அது, திருத்தம் கேட்கலாம். கமக்காரர் அமைப்பில் அங்கத்துவத்துக்கும் விண்ணப்பியுங்கள். அனுமதிப்பத்திரக் காணியாயின் பின்னுரித்து விடயத்தைப் பிரதேச செயலகத்தில் பேச வேண்டும். மகளுக்கு முன் மகன் என்றிருந்த பழைய ஒழுங்கு 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு நீங்கிவிட்டது. கணவர் காணாமற்போய், மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத சகோதரிகளுக்கு 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டம் காணாமற்போனமைச் சான்றிதழ் பெற வழி செய்தது. அதை எடுப்பது அவர் இறந்தார் என்று ஒப்புக்கொள்வதாகாது. அவருடைய சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்க அது உதவும்.

இத்தனை அலைச்சல் எதற்கு என்று கேட்பீர்கள். மழையை முன்போல் நம்ப முடியவில்லை. 2016 இன் இறுதியில் மாரி பொய்த்தது. 2017 வரட்சி நாட்டின் பெரும்பகுதியை வாட்டியது. அடுத்த ஆண்டே, 2018 டிசம்பரில், ஓரிரவில் கொட்டிய மழையில் இரணைமடுவின் கதவுகளைத் திறக்க வேண்டியதாயிற்று. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஆயிரக்கணக்கானோர் வீடுகளை விட்டு வெளியேறினர். ஒரே குளம், ஒரு முறை போதாமல், ஒரு முறை கூடிப்போய். இப்படியான காலத்தில் பங்கு சிறுக்கும், கூட்டத்தில் வாக்குவாதம் பெருகும்.

யாழ்ப்பாணத்துக்கு இரணைமடு நீரைக் கொண்டுபோகும் திட்டத்திலும் இதைத்தான் கண்டோம். குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல்லுக்குள் நிற்கும் நீரை அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு ஏறும். அவர்களுடைய தாகம் பொய்யல்ல. எங்களுக்கே சிறுபோகத்துக்குப் போதாதே என்ற கிளிநொச்சிக் கமக்காரரின் பயமும் பொய்யல்ல. வரட்சி ஆண்டில் யாருக்கு எவ்வளவு என்று இரு பகுதியும் நம்பக்கூடிய ஓர் எழுத்து ஒப்பந்தம் முதலிலேயே இருந்திருந்தால் இவ்வளவு மனக்கசப்பு வந்திராது என்றே நினைக்கிறேன். கடைசியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் தாளையடியில் அமைக்கப்பட்டு 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது.

இன்னொரு விடயம். வாய்க்காலில் நீர் ஓடும்வரை அயலிலுள்ள வீட்டுக் கிணறுகளும் ஊறும். மதகு பூட்டிச் சில கிழமைகளில் கயிறு நீளும், வீட்டுத்தோட்டம் வாடும். கூட்டத்தில் நெல்லின் வயதை வைத்துத்தான் பூட்டும் திகதி பேசுவார்கள். கிணற்றின் பேச்சு வருவது அரிது. இம்முறை போகும்போது உங்கள் கிணறு சென்ற வருடம் எந்த மாதத்தில் வற்றியது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள்.