விலகிப்போக விடாத வேலை

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் மதியக் கூட்டம் ஓய்ந்தபின், சாப்பாட்டுக் கடையில் இலை எடுக்கும் தம்பியிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ராமநாதபுரத்திலோ சிவகங்கையிலோ தொடங்கும் பேச்சு சீக்கிரமே கணக்குக்கு வந்துவிடும். ஒரு வெள்ளிக்கு (ரிங்கிட்) எத்தனை ரூபாய், சிங்கப்பூரில் எவ்வளவு, கத்தாரில் எவ்வளவு என்பதெல்லாம் அவருக்கு விரல்நுனியில். அப்படிப் பேசிய ஒருவர் எழுந்து போகும்போது சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “சம்பளம் பரவாயில்லண்ணே. பாஸ்போர்ட்தான் முதலாளி கல்லாவுல இருக்கு.”

அடுத்தவர் கடவுச்சீட்டைப் பிடித்துவைப்பது மலேசியாவின் 1966-ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டப்படி குற்றம். அது கைக்குத் திரும்பி வந்தாலும் வேலை பெர்மிட்டில் இருப்பது அந்த ஒரு முதலாளியின் பெயர்தான். சொல்லாமல் வெளியேறினால் ‘ஓடிவிட்டான்’ என்று குடிநுழைவுத் துறைக்குப் புகார் போகும். நேற்றுவரை தொழிலாளியாக இருந்தவர் இன்று சட்டவிரோதக் குடியேறி. ஆகவே நாடுகளை ஒப்பிடும்போது சம்பளத்தோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும்: பிடிக்காத வேலையை விட்டுவிட்டு அதே நாட்டில் வேறு வேலைக்குப் போக முடியுமா?

சம்பளத்தை மட்டும் பார்த்தால் மலேசியா தலைநிமிரலாம். 2013-இல் தீபகற்பத்தில் 900 வெள்ளியாகத் தொடங்கிய குறைந்தபட்சச் சம்பளம் 2025-இல் 1,700 ஆகியிருக்கிறது. வீட்டுப் பணியாளரைத் தவிர, உள்ளூர்க்காரருக்கும் வெளிநாட்டவருக்கும் ஒரே அளவுகோல். சிங்கப்பூரில் எல்லோருக்குமான குறைந்தபட்சச் சம்பளமே இல்லை; துப்புரவு, காவல் போன்ற துறைகளில் படிப்படியாகக் கூட்டும் ஊதிய முறையும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். ஆனால் அங்கே கட்டுமானத் தொழிலாளி, பெர்மிட் முடியும் தறுவாயில் முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேறு நிறுவனத்துக்கு மாறலாம். தொழிலாளியை ஒரே முதலாளியோடு கட்டிப்போடும் ‘கஃபாலா’ முறைக்குப் பேர்போன கத்தாரோ, வேலை மாற முதலாளியின் அனுமதிக் கடிதம் வேண்டும் என்ற விதியை 2020-இல் நீக்கியது. அடுத்த ஆண்டு எல்லா நாட்டவருக்கும் 1,000 ரியால் அடிப்படைச் சம்பளம் வந்தது. நடைமுறையில் அங்கேயும் ‘ஓடிவிட்டான்’ புகார் ஓயவில்லை. ஆனாலும் சட்டத்தில் கதவு திறந்திருக்கிறது.

நம் பாட்டன்மார் கதையைத் திரும்பிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். கங்காணி அழைத்துவந்த தோட்டத் தொழிலாளி, ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு விலகலாம் என்று பிரிட்டிஷார் காலச் சட்டமே இடம் கொடுத்தது. கடனும் லயமும் அவரைக் கட்டிப்போட்டன என்பது வேறு. 1941-இல் கிள்ளான் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் முன்னின்ற வேலைநிறுத்தம், சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி கேட்டது. கள்ளுக்கடையை மூடச் சொன்னது. துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க மாட்டோம் என்றது. அரசு நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடுகடத்தியது, படையை இறக்கியது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. எதிர்த்துப் பேசினால் கப்பலேற்றுவது அன்றே கண்ட உத்தி.

அந்த உத்தியின் நிழல் இன்றும் இருக்கிறது. தமிழ்நாட்டோடு ஒப்பிட்டால் அது தெரியும். 2024-இல் அங்கே ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரம் கேட்டு 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. அவர்களுக்கும் வேலை போகும் பயம் இருந்தது. ஆனால் சொந்த ஊரும் வீடும் எங்கும் போய்விடாது. இங்கே மலேசியாவில் பெர்மிட்காரருக்கு வேலை போனால் முதலாளி கொடுத்த படுக்கையும் போகும், நாட்டில் இருக்கும் உரிமையும் போகும். சங்கத்தில் சேரலாம் என்று சட்டம் சொல்கிறது. யார் துணிவார்?

முதலாளிகள் தரப்பிலும் நியாயம் உண்டு. சாப்பாட்டுக் கடைக்காரர் வெளிநாட்டு ஆள் ஒருவருக்கு அரசுக்கு ஆண்டு லெவியாக 1,850 வெள்ளி கட்டுகிறார். 2018 முதல் அதைத் தொழிலாளி தலையில் போடவும் முடியாது. ஏஜண்டு செலவு தனி. மூன்றாம் மாதமே ஆள் பக்கத்துக் கடைக்குப் போனால் நட்டம் இவருக்குத்தான். இதற்கு வழி, ஆளைப் பூட்டிவைக்காமல் லெவியை ஆளோடு அனுப்புவது: மீதி மாதங்களுக்கான தொகையைப் புது முதலாளி பழையவருக்குக் கொடுக்கட்டும், ஆறு மாதமோ ஓராண்டோ கழிந்தபின் அதே துறைக்குள் மாறலாம் என்று விதி வரட்டும்.

இதில் உள்ளூர்த் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. விலக முடியாதவர் சம்பள உயர்வு கேட்க மாட்டார். கேட்காதவர் கிடைக்கும்வரை கடைக்காரர் சம்பளத்தைக் கூட்ட மாட்டார். அந்தச் சம்பளத்துக்கு வர மறுக்கும் கிள்ளான் பையனை ‘சோம்பேறி’ என்கிறோம். அவனே ஜொகூர் பாலம் தாண்டி சிங்கப்பூரில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறான்.

சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி 2019-இலும், ஊழியர் சேமநிதி 2025 அக்டோபரிலும் வெளிநாட்டவருக்குக் கட்டாயமாயின. நல்ல மாற்றங்கள்தான். ஆனால் சேமநிதியும் காப்புறுதியும் வேலையில் இருப்பவரைத்தான் காக்கும். வேறு வேலைக்குப் போக நினைப்பவருக்கு உதவாது. இனி ஊரிலிருந்து ஒரு தம்பி ‘மலேசியாவில் சம்பளம் எவ்வளவு?’ என்று கேட்டால், எண்ணைச் சொல்லிவிட்டு பெர்மிட்டில் யார் பெயர் இருக்கும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.